ஒரு வரியில் சொல்லச் சொன்னால் எப்படித் தம்பி?

கேள்வி: திருச்சியில் இருந்து ஒரு வாசகர், 22 பெப்ரவரி 2023

லண்டனில் எங்களுக்கு இரண்டு உறவினர் வீடுகள். சித்தப்பா, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது நல்லது என்கிறார். பெரியம்மா மகன், நாடு நாசமாகிவிட்டது என்கிறார். இந்தப் பொங்கலுக்கு வாட்ஸப் குழுவில் சண்டை போட்டு இருவருமே குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். பிரெக்ஸிட் நல்லதா கெட்டதா? அங்கே இருப்பவர்கள் யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதில்: லண்டனில் இருந்து ஒரு வாசகர், 22 பெப்ரவரி 2023, இரவு 9.40

கெட்டது.

வேலை முடிந்து வரும் வழியில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளித் தட்டு வெறுந்தட்டு. அதன் மேல் ஒரு மட்டை: தக்காளி, குடைமிளகாய், வெள்ளரிக்காய் ஆளுக்கு மூன்று பக்கற் மட்டும். ஒரு பக்கற்றே இல்லாத இடத்தில் மூன்றுக்கு மேல் எடுக்காதே என்று அறிவித்தல். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்கு வரிசையில் நின்றவன் நான். லண்டனில் தக்காளிக்கு நிற்பேன் என்று சாதகத்தில்கூட யாரும் சொல்லவில்லை.

23 பெப்ரவரி 2023

நேற்று எழுதினதில் பாதி பிழை. நானே திருத்துகிறேன், யாரும் அடிக்க வரவேண்டாம்.

தக்காளி இல்லாததற்கு முதல் காரணம் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் அடித்த குளிர். மொரோக்கோ ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை. இங்கே கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி போடுகிறவர்களும் எரிவாயு விலைக்குப் பயந்து இந்த முறை நேரத்துக்குக் கன்று நடவில்லை. பனிக்காலத்தில் இந்த நாட்டில் விற்கிற தக்காளி கிட்டத்தட்ட எல்லாமே வெளியில் இருந்து வருவது. ஆகவே மழைக்கும் வெயிலுக்கும் பிரெக்சிற்றைக் குற்றம் சொன்னது என் அவசரம்.

ஆனால் பாரிசில் இருக்கும் தங்கச்சி காலையில் ஒரு படம் அனுப்பினாள். அங்கே எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கடை வாசலில் தக்காளி கூடை கூடையாகக் குவிந்திருக்கிறது. கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. சரக்குக் குறைவாக இருக்கும்போது லொறிக்காரன் கடல் கடந்து கடதாசி நிரப்பும் பக்கம் போவானா, இல்லையா? அந்தக் கேள்வியை நான் விடவில்லை.

பின்னேரம் பார்த்தால் எங்கள் சுற்றுச்சூழல் அமைச்சர் தெரேஸ் கொஃபி பாராளுமன்றத்தில் டர்னிப் கிழங்கு பற்றிப் பேசுகிறார். பருவத்தில் விளைகிறதைச் சாப்பிட்டுப் பழகலாமாம். டர்னிப் போட்டு ரசம் வைத்துப் பார்க்கச் சொன்னேன் வீட்டில். பதில் இங்கே எழுதுகிற தரத்தில் இல்லை.

25 பெப்ரவரி 2023

"நீங்கள் எதற்கு வாக்குப் போட்டீர்கள்?" என்று தம்பி கேட்டிருக்கிறார். இதற்கு ஒரு வரியில் பதில் உண்டு: எனக்கு வாக்கே இல்லை.

நான் 1991இல் ஜேர்மனிக்கு அகதியாக வந்தவன். டோர்ட்முண்ட் பக்கம். 2001இல் ஜேர்மன் குடியுரிமை. 2005இல் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் வந்தோம். ஜேர்மனி, ஹொலண்ட், டென்மார்க், பிரான்ஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் எங்கள் சனம் அப்படி வந்தது. விசா இல்லை, நேர்முகம் இல்லை, பாஸ்போட்டைக் காட்டிவிட்டு வீடு தேடினோம். வந்த நாளில் இருந்து ஒரு தமிழ் மொத்த வியாபாரியிடம் வான் ஓட்டினேன். மா, பருப்பு, சோடா, அப்பளம், மீன் ரின். இங்கிலாந்து முழுக்க, பெயர் தெரியாத ஊரில் எல்லாம் எங்கள் ஆட்கள் கடையும் பெற்றோல் ஸ்ரேசனும் நடத்துகிறார்கள். வாரம் ஐந்து நாள் அந்த ஓட்டம்.

2016 ஜூன் 23இல், ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு. யாருக்கு வாக்கு? பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர், ஐரிஷ்காரர், இங்கே வசிக்கிற கொமன்வெல்த் நாட்டுக்காரர். ஜேர்மன் பாஸ்போட்டோடு 11 வருடம் வரி கட்டின எனக்கு இல்லை. எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்த கோயம்புத்தூர்ப் பெடியனுக்கு உண்டு! மாணவர் விசா, வந்து பத்து மாதம், இந்தியா கொமன்வெல்த். அவனுக்கு அட்டை தபாலில் வந்தது. எடுத்துக்கொண்டு கீழே வந்து, "அங்கிள், எதுக்குப் போடட்டும்?" என்று கேட்டான். நாடு ஒன்றியத்திலேயே இருக்கட்டும் என்று போடச் சொன்னேன். இரவல் வாக்கு.

அன்றைக்கு லண்டனில் அடித்த மழை நினைவிருக்கிறவர்கள் சொல்லுங்கள். தண்டவாளத்தில் வெள்ளம், வாட்டர்லூவில் சனம் அடைந்து நின்றது. பெடியன் கல்லூரியில் இருந்து வந்து சேர இரவு பத்தரை. வாக்குச்சாவடி பத்துக்கு மூடிவிட்டது. அவனோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. 12 லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்ற தேர்தலுக்கு ஒரு பெடியனோடு கோபித்துக்கொண்டு இருந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. லிங்கன்ஷயர் ஓட்டம். விடிய நாலரைக்கு வானை எடுத்தேன். 52க்கு 48, வெளியேறு வென்றது என்று வானொலியில் சொன்னபோது நான் நெடுஞ்சாலையில் ஏறவும் இல்லை. பவுண்ஸ் விழுந்தது, 1985க்குப் பிறகு டொலருக்கு எதிரே இவ்வளவு கீழே போனதில்லை என்றான். பீற்றர்பரோ தாண்டி ஏ16இல் திரும்பும்போது பிரதமர் டேவிட் கமரன் பதவி விலகுகிறேன் என்கிறார். இரண்டு பக்கமும் கோவா வயல், நீங்கள் முட்டைக்கோஸ் என்பது. அந்தக் காலையிலேயே குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது முழுக்க கிழக்கு ஐரோப்பியச் சனம்.

பொஸ்ரன் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்கப் பொஸ்ரன் இல்லை, இதுதான் மூலப் பொஸ்ரன். அங்கே எங்கள் அண்ணை ஒருவர் கடை வைத்திருக்கிறார். கடையில் பாதி தட்டு போலந்துப் பாண், லித்துவேனியப் பியர், ஊறுகாய்ப் போத்தல். அந்தச் சனம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. அண்ணை தேத்தண்ணி ஊத்தித் தந்துவிட்டுச் சொன்னார்: "வெளியேறத்தான்ரா போட்டனான்."

தான் இருக்கிற கொப்பைத் தானே வெட்டுகிற ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு நேரே பார்த்தேன்.

25 பெப்ரவரி 2023, கொஞ்சம் பிந்தி

யாரோ எண்ணிக்கை கேட்டார்கள். பொஸ்ரனில் 75.6 வீதம் வெளியேறு என்று போட்டது. நாட்டிலேயே அதுதான் உச்சம். மறுபக்கம் லண்டனில் லாம்பெத், 78.6 வீதம் இரு என்று போட்டது. இரண்டுக்கும் நடுவே என் வான் ஓட்டம் மூன்று மணித்தியாலம்.

கிழக்கு லண்டனில் எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ற் ஹாம் இருக்கிற நியூஹாமைப் பாருங்கள்: இரு என்றது 52.8 வீதம்தான். வெள்ளைக்காரக் கிழவர்கள் மட்டும் போட்டார்கள் என்று பேசுகிறவர்கள் நியூஹாமில் மீதி 47 வீதம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கட்டும். தெற்காசியர் நிறைந்த லூட்டனும் ஸ்லோவும் வெளியேறு என்றே போட்டன.

28 பெப்ரவரி 2023

நேற்று ரிஷி சுனக் வின்சர் உடன்படிக்கை என்று ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார். வட அயர்லாந்து பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்கிறார். சுருக்கம்: தீவின் வடக்கு பிரித்தானியாவோடு, தெற்கு ஐரோப்பிய ஒன்றியத்தோடு. அயர்லாந்துத் தீவின் நடுவே எல்லைக்கோடு போட்டால் பழைய சண்டை திரும்பி வரும், ஆகவே கோட்டைக் கடலில் போட்டார்கள். இப்போது லிவர்பூலில் இருந்து பெல்பாஸ்ற்றுக்கு சொசேஜ் அனுப்புவது வெளிநாட்டு ஏற்றுமதி மாதிரி ஆகிவிட்டது. நேற்றையது அந்தக் கோட்டைப் பென்சிலால் போட்ட கோடாக மாற்றுகிற முயற்சி. எனக்கு அந்தப் பக்கம் ஓட்டம் இல்லை, இதற்கு மேல் பேசினால் கேள்விஞானம்.

5 மார்ச் 2023

பொஸ்ரன் அண்ணையைப் பற்றி நான் எழுதினது அரைக் கதை. அது ஒரு கிழமையாக உறுத்துகிறது. அவர் இதைப் படிக்கமாட்டார், ஆனாலும்.

அன்று நான் கேட்டேன், "அண்ணை, உங்கட வாடிக்கையாளர் எல்லாம் ஊருக்குப் போயிட்டால் என்ன செய்வீங்கள்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. தட்டில் பாண் அடுக்கினார். பிறகு: "போலந்துக்காரன்ர தாய் லண்டன் விக்ரோறியாவில பஸ்ஸால வந்து இறங்குது. ஐடி காட்டினால் சரி. என்ர மருமகன் மூன்று வருசமா யாழ்ப்பாணத்தில. நான் இந்த நாட்டுப் பிரஜை. என்ர பிள்ளை இங்க பிறந்தது. உனக்கு விளங்குதா?"

விஷயம் இது. 2012 ஜூலையில் இருந்து, இங்கே இருக்கிற பிரித்தானியப் பிரஜை வெளிநாட்டில் கலியாணம் கட்டின துணையைக் கூப்பிட வேண்டுமானால் வருடம் 18,600 பவுண்ஸ் உழைக்க வேண்டும். அண்ணையின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டு கடையில் நின்ற பிள்ளை. அவ்வளவு வருமானம் இல்லை. அப்போது அதே தெருவில் இருந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர் மனைவியை, தாயை, பேரப்பிள்ளையைக் கூப்பிட இந்த 18,600 கணக்கே இருக்கவில்லை. சில பெடியள் இதற்காகவே டப்ளினுக்குப் போய் மாதக்கணக்கில் வேலை செய்து, அங்கே ஐரோப்பியச் சட்டத்தில் மனைவியைக் கூப்பிட்டு, பிறகு இங்கே கொண்டு வந்தார்கள். அண்ணைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அந்த வேலை ஏலாது.

வெளியேறினால் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று பிரசாரக்காரர் சொன்னார்கள். கறி உணவகங்களைக் காப்பாற்றுங்கள் என்றே ஒரு பிரசாரம் நடந்தது. ஐரோப்பாவுக்கான கதவை மூடினால் தெற்காசியாவில் இருந்து சமையற்காரரைக் கூப்பிடலாம் என்று பிரீத்தி பட்டேல் மேடை மேடையாகச் சொன்னார். பங்களாதேஷ் உணவகக்காரர் சங்கம் அவர் பக்கம் நின்றது. பிறகு அவரே உள்துறை அமைச்சராகி புள்ளிக் கணக்குக் குடிவரவைக் கொண்டு வந்தார். உணவகக்காரர் ஏமாந்துபோனோம் என்று பேட்டி கொடுத்தார்கள்.

ஆக அண்ணைக்கு வெட்டின கொப்பு எது என்று நன்றாகத் தெரியும். கோபத்தில் வெட்டினார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து ஏழு வருடமாக எல்லோருக்கும் இதைப் பகிடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மருமகனை விட்டுவிட்டு. அதை விட்டால்தான் கதை சிரிப்பாக வரும்.

அன்று அவர் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "உனக்கென்ன, நீ ஜேர்மன் பாஸ்போட்டோட பின்கதவால வந்தனீ." நான் கோபித்துக்கொண்டு அடுத்த மூன்று வாரம் அந்த ஓட்டத்தை வேறு சாரதிக்கு மாற்றிவிட்டேன். பொய் என்று சொல்ல முடியாததால் வந்த கோபம்.

11 மார்ச் 2023

சண்டையும் சச்சரவும் போதும், வியாபாரத்தில் என்ன நடந்தது என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த இடம் இது.

2020 முடியும் வரைக்கும் மாதம் இரண்டு முறை பாரிஸ் ஓட்டம் இருந்தது. வெள்ளி இரவு டோவர், கப்பலில் ஒரு நித்திரை, சனி விடிய லா சப்பல். கையில் ஒரு பில் புத்தகம், அவ்வளவுதான். சரக்கு இறக்கிவிட்டு, தங்கச்சி வீட்டில் புட்டு சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் திரும்பிவிடுவேன்.

பிரித்தானியா ஒன்றியச் சந்தையை விட்டுப் போன 2021 ஜனவரியில் இருந்து அதே வானுக்கு: சுங்கப் பிரகடனம், ஒவ்வொரு சாமானுக்கும் சுங்க இலக்கம், இரண்டு பக்கமும் பதிவு எண், பால் முட்டை இறைச்சி சேர்ந்திருந்தால் மிருக வைத்தியர் சான்றிதழ். ஒரு பெரிய லொறி முழுக்க ஒரே சாமான் ஏற்றுகிறவனுக்கு இது ஒரு கடதாசி. எங்கள் வானில் 140 விதச் சாமான். அப்பளத்துக்கு ஒன்று, சோடாவுக்கு ஒன்று, நெத்தலிக் கருவாட்டுக்கு ஒன்று.

இதைவிடப் பெரிய ஆப்பு வேறு. ஐரோப்பாவோடு போட்ட வியாபார ஒப்பந்தத்தில் வரி இல்லை, அளவுக் கட்டுப்பாடு இல்லை என்று 2020 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் அப்போதைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் கை இரண்டையும் தூக்கினாரே, அது பிரித்தானியாவில் செய்த சாமானுக்கு. கொழும்பில் செய்த பிஸ்கட்டை இங்கே இறக்கி, சுங்கம் கழித்து, பிறகு பாரிசுக்கு அனுப்பினால் அது பிரித்தானியச் சாமான் இல்லை. ஐரோப்பிய எல்லையில் அதற்கு வெளிநாட்டுச் சாமானுக்கு உள்ள வரி. கொழும்பில் இருந்து நேரே பிரான்சுக்குப் போகிற பெட்டி எங்களைவிட மலிவு. எங்கள் முதலாளி மூன்று மாதம் கணக்குப் பார்த்தார். ஏப்ரலில் பாரிஸ் ஓட்டம் நின்றது. லா சப்பல் கடைக்காரர் இப்போது ரொட்டர்டாமில் இறக்குகிற ஆளிடம் எடுக்கிறார்கள்.

மற்றப் பக்கம் பாருங்கள், ஐரோப்பாவில் இருந்து இங்கே வருகிற சாமானுக்கு உணவுச் சோதனை வைக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி இந்த 2023 வரைக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லையைக் கைக்குள் கொண்டு வருகிறோம் என்று வெளியேறியவர்கள் வருகிற வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். போகிற வாசலில் பூட்டுப் போட்டது மற்ற ஆட்கள்.

வீட்டுப் பார்சலும் அப்படித்தான். டோர்ட்முண்டில் இருக்கும் பெறாமகளுக்குச் சாமத்தியச் சேலை அனுப்பினோம். 45 யூரோவுக்கு மேலான அன்பளிப்பு என்று வரி போட்டுவிட்டார்கள். தாய் சுங்கத்துக்குப் போய் நின்று எடுத்தா. இப்போது யாராவது போனால் அவர்கள் பெட்டியில் திணிக்கிறோம்.

கப்பல் இல்லாத கப்பல் கம்பனியை மறந்துவிட்டேனே! ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் டோவர் அடைத்துவிடும் என்று பயந்து, 2018 கடைசியில் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் 138 லட்சம் பவுண்ஸுக்கு ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கம்பனியிடம் ஒரு கப்பலும் இல்லை. அவர்களது இணையத்தளத்தின் நிபந்தனைகளை வாசித்தால் சாப்பாட்டுக்கடைக்கு எழுதினது மாதிரி இருந்தது. 138 லட்சத்தையும் தண்ணியில் போட்டார்கள்.

12 மார்ச் 2023

திருத்தம். அந்தக் கம்பனிக்குக் காசு கொடுக்கவில்லை, அதற்கு முதலே ஒப்பந்தத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தாய் என்று கால்வாய்ச் சுரங்கக் கம்பனி வழக்குப் போட, அவர்களுக்கு 330 லட்சம் கொடுத்துத்தான் சமாதானம் ஆனார்கள். திருத்தினால் கணக்குக் கூடுகிறது. இனி யாரும் திருத்தவேண்டாம்.

2 ஜூலை 2023

தம்பி தனிமடலில் கேட்டது: "உங்களைப் போன்ற ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" இல்லை. விண்ணப்பம் போட்டவர்கள் இருக்கலாம். 2021 ஜூன் 30 கடைசி நாளாக இருந்தது. ஐந்து வருடம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் நிரந்தரத் தகுதி, இல்லாவிட்டால் தற்காலிகம். முதலில் 65 பவுண்ஸ் கட்டணம் என்றார்கள், பிறகு அப்போதைய பிரதமர் தெரேசா மே அதை எடுத்துவிட்டார்.

2019 வசந்தத்தில் நான் போட்டேன். கைபேசிச் செயலியில் பாஸ்போட்டை வைத்து ஸ்கான் பண்ண வேண்டும். அது அப்போது ஐபோனில் வேலை செய்யாது! மகளின் நண்பியிடம் அன்ட்ரொயிட் இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு நாலு முறை. கிடைத்தது. ஆனால் கையில் ஒரு அட்டையும் இல்லை. எல்லாம் இணையத்தில், ஒரு குறியீட்டு எண். 1991இல் இருந்து கடதாசியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துத் திரிந்தவனுக்கு, உன் தகுதி ஆகாயத்தில் இருக்கிறது, பயப்படாதே என்றால்?

ஹொலண்ட் மச்சானுக்கு இது பெரிய சங்கடம். அவர் 2004இல் வந்தவர், மாமியாரைப் பார்க்க வருடக்கணக்கில் றொட்டர்டாமுக்கும் இங்கேயுமாக அலைந்தவர். முதலில் தற்காலிகம்தான் கொடுத்தார்கள். வங்கிக் கடதாசி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், பல் வைத்தியர் பில் என்று ஒரு பைல் கட்டி மறுபடி போட்டு எடுத்தார். அவரும் அண்ணையும் ஒருமுறை எங்கள் வீட்டுப் பிறந்தநாளில் சந்தித்தார்கள். கேக் வெட்டுவதற்கு முன் மச்சான் எழும்பிப் போய்விட்டார்.

நான் வாக்குப் போடப்போய்த் திரும்பின கதை ஒன்று. 2019 மார்ச் 29இல் வெளியேறுவோம் என்று நாள் குறித்தவர்கள் வெளியேறவில்லை. தெரேசா மேயின் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 432க்கு 202. ஆகவே மே 23இல் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலை இங்கே நடத்தவேண்டி வந்தது. அதில் எனக்கு வாக்கு உண்டு. மகிழ்ச்சியோடு சட்டை மாற்றிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த அம்மா பட்டியலைப் பார்த்தார், என் பெயருக்கு நேரே கோடு. ஜேர்மனியில் போடமாட்டேன், இங்கேதான் போடுவேன் என்று இன்னொரு படிவம் நிரப்பி அனுப்பியிருக்க வேண்டுமாம். எங்களுக்கு அந்தப் படிவம் வந்துசேரவே இல்லை. என்னைப் போல நாடு முழுக்கத் திரும்பிப் போனவர்கள் அன்று பத்திரிகையில் வந்தார்கள். அந்த அம்மா "சொறி லவ்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

9 ஜூலை 2024

ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிறேன். இந்த இணைய உரையாடல் இழை இன்னும் பூட்டப்படவில்லை, தம்பியின் சித்தப்பாவும் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லையாம்.

போன வியாழன் தேர்தல். கீர் ஸ்ராமர் பிரதமர். பொஸ்ரன் தொகுதியில் வென்றது, வெளியேறு என்று முன்னின்று பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜின் கட்சி ஆள், றிச்சட் டைஸ். அண்ணைக்குப் போன் எடுத்தேன். "கடையில என்ன கதைக்கினம்?" என்று கேட்டேன். "எட்டு வருசத்துக்கு முன்னம் கதைச்சதுதான். அதே ஆக்கள், அதே கதிரை."

கோபம் குறையவே இல்லை. ஏன் குறையும்? 2016இல் சனம் கொந்தளித்தபோது வருடத்துக்கு நிகரமாக உள்ளே வந்தது 3 லட்சத்துச் சொச்சம். வெளியேறிய பிறகு 2022இல் 7 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் வருவதைவிடப் போவது கூட. வந்தது இந்தியா, நைஜீரியா, சீனாவில் இருந்து, பராமரிப்பு வேலைக்கும் படிப்புக்கும். குறைக்கச் சொல்லி வாக்குப் போட்டவனுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. இருக்கச் சொன்னவனுக்கு நாடே போனது. பொருளாதாரத்தைக் கணிக்கிற அரச அலுவலகம், உள்ளே இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 வீதம் குறையும் என்று கணக்கு வைத்திருக்கிறது. 4 வீதம் யார் கண்ணுக்குத் தெரியும்? தக்காளித் தட்டு தெரியும், அதற்குக் காரணம் வேறு.

மருமகன் விஷயம் கேட்டேன். மகள் படிப்பை முடித்து, மருந்துக்கடை வேலை எடுத்து, 18,600 காட்டி 2018இலேயே கூப்பிட்டுவிட்டாள். எனக்கு அண்ணை சொல்லவேயில்லை, நானும் கேட்கவில்லை. "நல்ல காலம் அண்ணை" என்றேன். "எங்களுக்கு நல்ல காலம். கடையில நிற்கிற பெடியன் இப்ப மனுசியைக் கூப்பிடப் போறான்." இந்த ஏப்ரலில் இருந்து அந்தத் தொகை 29,000. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றார்களே, வந்துவிட்டது. ஐரோப்பியனுக்கும் இனி அதே 29,000.

கடைத் தட்டு எப்படி என்றும் கேட்டேன். போலந்துப் பாண் குறைந்துவிட்டது, பல்கேரியச் சாமான் ஓடுகிறது, ஒரு மூலையில் மலையாளிகளுக்கு மட்டை அரிசி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைகளாம்.

எனக்கும் ஒரு செய்தி. ஜூன் 27இல் இருந்து ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. 2020 முடிவுக்குள் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால் இரண்டையும் வைத்திருக்கலாம் என்று இருந்தது. நான் பார்ப்போம் பார்ப்போம் என்று இருந்து கோட்டைவிட்டவன். இப்போது போடுகிறேன். இந்த 2024இல் கட்டணம் 1,630 பவுண்ஸ். அதோடு 24 கேள்விப் பரீட்சை, 18 சரியாக இருக்கவேண்டும். எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவி என்று இரவு இரவாகப் பாடமாக்குகிறேன். மச்சானுக்கு வழி இல்லை. ஹொலண்ட்காரர் இதை எடுத்தால் அதை விடவேண்டும்.

20 மே 2025

நேற்று லண்டனில் ஸ்ராமரும் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களும் கைகுலுக்கினார்கள். உணவுச் சோதனையைக் குறைக்கப் பேசுவார்களாம், மீன்பிடிக்கு 2038 வரை விட்டுக்கொடுத்தார்களாம். ஒரு பத்திரிகை சரணாகதி என்கிறது, மற்றது சும்மா கண்துடைப்பு என்கிறது. வழமை. முதலாளி பாரிஸ் ஓட்டம் திரும்ப வருமா என்று கணக்குப் பார்க்கிறார். நான் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன், இரவுக் கப்பல் ஏலாது.

அதை விடுங்கள், மே முதல் வாரம் பாரிசில் தங்கச்சி மகனின் கலியாணம். என் காரில் நான், மச்சான், அண்ணை. இந்த மூவரும் எப்படி ஒரு காரில் என்று கேட்காதீர்கள், பெண்கள் ரெயினில் போகிறோம் என்று முன்கூட்டியே தப்பிவிட்டார்கள். காரை ரெயினில் ஏற்றிக் கடலடிச் சுரங்கத்தால் கலேக்குப் போகிற ஃபோக்ஸ்ரனில் பிரெஞ்சு அதிகாரி மூன்று பாஸ்போட்டையும் வாங்கினார். என் ஜேர்மனுக்கும் மச்சானின் ஹொலண்டுக்கும் ஒரு பார்வை. பிரெக்சிற்றுக்குப் பிறகு நீலமாக மாறின அண்ணையின் பிரித்தானியப் பாஸ்போட்டுக்கு முத்திரை, எத்தனை நாள், எங்கே தங்குகிறீர், திரும்பும் சீட்டு. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீலப் பாஸ்போட்டெண்டாலும் எங்கட சொந்தப் பாஸ்போட்" என்றார். மச்சான் பின் இருக்கையில் இருந்து: "அந்த நீலத்தை அடிக்கிற ஒப்பந்தம் பிரெஞ்சு-ஹொலண்ட் கம்பனிக்குத்தான் போனது, அண்ணை. எங்கட ஆக்கள்." கலே வரை கார் அமைதி.

திரும்பும்போது தங்கச்சி ஒரு பெரிய தட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கட்டித் தந்தாள், நாற்பதுக்குக் குறையாது. கலேக்கு முன் ஓய்விடத்தில் நிறுத்தியபோதுதான் அந்த அறிவித்தலைப் பார்த்தோம்: ஐரோப்பாவில் இருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பாற்பொருளும் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகத் தடை, ஏப்ரல் 12 முதல். 2021 ஜனவரியில் ஹொலண்ட் எல்லையில் லொறிச் சாரதியின் சான்ட்விச்சைப் பறித்தார்களே, அது நினைவு வந்தது. "பார்த்தீங்களா அண்ணை, உங்கட பிரெக்சிற்!" என்று மச்சான் ஆரம்பித்தார்.

நான் கைபேசியில் பார்த்தேன். பிரெக்சிற் இல்லை. கோமாரி நோய். ஜேர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவில் மாட்டுக்கு வந்ததால் போட்ட தடை. தக்காளியில் பட்டது போதும் என்று இந்த முறை முதலிலேயே தேடிவிட்டேன். அண்ணைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "பார், பார், மாட்டு வருத்தமடா!"

"உள்ளுக்க இருந்திருந்தால் இப்பிடி முழுத்தடை போடுவாங்களோ?" என்றார் மச்சான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தட்டுத்தான் இருந்தது. கார் பொனற்றில் வைத்துத் திறந்தோம். ஆளுக்கு ஏழு எட்டு இறங்கியது. பக்கத்தில் நின்ற ருமேனிய லொறிக்காரருக்கு ஆறு கொடுத்தோம், உறைப்பு என்று கண் கலங்கச் சிரித்தார். மிச்சத்தைக் குப்பையில் போடச் சொல்லி அண்ணையிடம் கொடுத்தேன். தொட்டி வரை போனவர் திரும்பி வந்தார்.

"ரெயினுக்கு எத்தனை மணி இருக்கு?" என்றார். நாற்பது நிமிசம் என்றேன். "அப்ப காணும்" என்று தட்டை மறுபடி பொனற்றில் வைத்தார்.